மாத்திரை இல்லை என்றால் யாரைக் கேட்பது?

மும்பை மாநகராட்சி ஆஸ்பத்திரிகள், அங்கே செலவாகும் பணம், முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வரும் உதவித்தொகை ஆகியவை பற்றி இந்த மாதம் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். பதில் சொல்பவர் மாநகராட்சி ஆஸ்பத்திரி ஒன்றின் மருந்து ஸ்டோரிலும், பிறகு வார்டு ஆபீஸ் கணக்குப் பிரிவிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கேட்டவர்களின் பெயரை நாங்கள் போடுவதில்லை. அடுத்த மாதமும் அவர்கள் அதே கவுண்ட்டரில் போய் நிற்க வேண்டுமே!

அக்கா, அம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் இருக்கிறது. மாநகராட்சி ஆஸ்பத்திரியில்தான் காட்டுகிறோம். பத்து ரூபாய்க்குக் கேஸ் பேப்பர் எடுத்து, பாதி நாள் நின்று டாக்டரைப் பார்த்துவிட்டு மருந்து கவுண்ட்டருக்குப் போனால், எழுதிய நான்கில் இரண்டுதான் கிடைக்கிறது. மற்றதை வெளியில் வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். சுகாதாரத்துக்கு ஏழாயிரம் கோடி என்று பேப்பரில் போடுகிறார்களே, அது எங்கே போகிறது?
— தாராவி, 90 அடி சாலை

தம்பி, மாநகராட்சியின் 2025-26 பட்ஜெட் மொத்தம் 74,427 கோடி ரூபாய். அதில் சுகாதாரத்துக்குச் சுமார் 7,380 கோடி, அதாவது பத்தில் ஒரு பங்கு. டாக்டர், நர்ஸ், வார்டு பாய் சம்பளத்திலிருந்து கட்டடம், ஸ்கேன் மெஷின், படுக்கை விரிப்புச் சலவை வரை எல்லாம் அதற்குள் அடக்கம். மருந்து அதில் ஒரு துண்டு. அந்தத் துண்டில் பணம் இருக்கும்போதே கவுண்ட்டரில் மாத்திரை இல்லாமல் போகும். ஸ்டோரில் உட்கார்ந்து இதைப் பார்த்தவள் நான்.

எப்படி என்கிறீர்களா? மருந்துக்கு டெண்டர் விடுவது ஆஸ்பத்திரி இல்லை, மாநகராட்சியின் மத்தியக் கொள்முதல் துறை. ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு விலையைப் பேசி முடித்து, இத்தனை காலத்துக்கு என்று கம்பெனியோடு ஒப்பந்தம் போடுவார்கள். ரேட் கான்ட்ராக்ட் என்று பெயர். ஆஸ்பத்திரி ஸ்டோர் அந்த விலைக்கு இன்டென்ட், அதாவது இவ்வளவு வேண்டும் என்ற கோரிக்கைச் சீட்டு, அனுப்பும், சரக்கு வரும். பழைய கான்ட்ராக்ட் முடிந்துபோய், புதியது கையெழுத்தாகாமல் இழுத்துக்கொண்டிருக்கும் நாட்கள்தான் வினை. அப்போது ஆஸ்பத்திரி தன் பொறுப்பில் கொஞ்சம் வாங்கலாம். லோக்கல் பர்சேஸ் என்போம். அதற்கு வரம்பு உண்டு. இருக்கிற காசை உயிர் காக்கும் ஊசிகளுக்கு ஒதுக்கிவிட்டு, அம்மாவின் பிரஷர் மாத்திரையை வெளியே எழுதிவிடுவார்கள். அதிலும், முன்பு சப்ளை செய்தவருக்கு பில் பாஸாகாமல் கிடந்தால் அவர் அடுத்த லாட்டைப் பிடித்து வைத்துக்கொள்வார். ஆக, உங்களை வெளியே அனுப்பும் கவுண்ட்டர் பையன்மேல் கோபப்பட்டுப் பிரயோஜனம் இல்லை. அவனுக்குக் கொடுக்கச் சரக்கு இல்லை.

2024-25 பட்ஜெட்டில் 'ஜீரோ பிரிஸ்க்ரிப்ஷன்' என்று ஒன்றை அறிவித்தார்கள். மாநகராட்சி ஆஸ்பத்திரிக்கு வரும் யாருக்கும் மருந்தை வெளியில் வாங்கச் சொல்லிச் சீட்டு எழுதக் கூடாது என்பது திட்டம்; அதற்கு 500 கோடி ரூபாய் என்றார்கள். பேப்பரில் படித்ததும் எனக்கு வந்த முதல் சந்தேகம், கான்ட்ராக்ட் தாமதமாவதை 500 கோடி எப்படிச் சரி செய்யும் என்பதுதான்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? முதலில், கிடைக்காத மருந்துக்கு நேரே 'என்.ஏ.' (இருப்பில் இல்லை) என்று கேஸ் பேப்பரிலேயே குறித்துத் தரும்படி கவுண்ட்டரில் கேளுங்கள். மறுத்தால் சண்டை வேண்டாம், தேதியைப் போட்டு நீங்களே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கிய பில்லைக் கேஸ் பேப்பரோடு பின் அடித்து வையுங்கள். (பக்கத்தில் ஜன் ஔஷதி கடை இருந்தால் அங்கே வாங்குங்கள், பாதிக்குப் பாதி மிச்சமாகும்.) இரண்டின் நகலோடு மருத்துவக் கண்காணிப்பாளருக்கு ஒரு கடிதம். கடிதத்தின் மறு நகலில் 'பெற்றுக்கொண்டோம்' முத்திரை வாங்காமல் ஆபீஸை விட்டு நகரக் கூடாது.

அதற்கும் அசையவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். மனுவுக்கு பத்து ரூபாய். மகாராஷ்டிராவில் ஒரு மனுவில் ஒரே விஷயம்தான் கேட்கலாம், 150 வார்த்தைக்குள் இருக்க வேண்டும். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே ஆபீஸின் மேலதிகாரியிடம் முதல் மேல்முறையீடு. பெரும்பாலோர் இந்த மனுவில் 'மருந்துக்கு எவ்வளவு செலவு செய்தீர்கள்?' என்று கேட்பார்கள். ஒரு பெரிய எண் வரும், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

ஸ்டோரில் ஒவ்வொரு மருந்துக்கும் ராக்கில் ஓர் அட்டை தொங்கும். பின் கார்டு. இடது பக்கம் வந்தது, நடுவில் கொடுத்தது, வலது ஓரத்தில் மிச்சம். ஒவ்வொரு வரிக்கும் தேதி, பக்கத்தில் ஸ்டோர்கீப்பரின் சுருக்கொப்பம். கம்ப்யூட்டர் வந்த பிறகும் அதே மூன்று பத்திதான், திரையில் இருக்கிறது. எனவே இப்படிக் கேளுங்கள்: 'இந்த மருந்தின் இருப்பு, கடந்த பன்னிரண்டு மாதங்களில் எந்தெந்தத் தேதிகளில் பூஜ்யமாக இருந்தது? ஒவ்வொரு முறையும் இன்டென்ட் அனுப்பிய தேதி என்ன? சரக்கு வந்த தேதி என்ன?' மூன்று தேதிகள் போதும். ஆஸ்பத்திரி தாமதமாகக் கேட்டதா, கொள்முதல் துறை தாமதமாகக் கொடுத்ததா என்பது தானே தெரிந்துவிடும். அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு உங்கள் கார்ப்பரேட்டரிடம், அதாவது வார்டு கவுன்சிலரிடம், போங்கள். வெறும் கையோடு போனால் 'பார்க்கிறேன்' என்பார். இதோடு போனால் அவருக்குச் சபையில் பேசுவதற்கு ஒரு விஷயம் கிடைக்கிறது. அது அவருக்கும் வேண்டியதுதான்.

மேடம், நான் வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். 2022 முதல் கிட்டத்தட்ட நான்கு வருஷம் மாநகராட்சியில் கார்ப்பரேட்டர்களே இல்லை. ஆணையர்தான் நடத்தினார். ரோடு போட்டார்கள், ஆஸ்பத்திரி நடந்தது, குப்பை அள்ளினார்கள். கட்சிக்காரர்கள் இல்லாமலே நன்றாகத்தானே போனது? ஆஸ்பத்திரிக் கணக்கை அதிகாரிகள் பார்த்துக்கொள்ள மாட்டார்களா?
— செம்பூர்

சார், இதைச் சொல்பவர் நீங்கள் ஒருவர் மட்டும் இல்லை. என் பில்டிங்கிலேயே பாதிப் பேர் சொல்கிறார்கள்.

2017 பிப்ரவரியில் தேர்ந்தெடுத்த சபையின் காலம் 2022 மார்ச் 7-ஆம் தேதி முடிந்தது. ஐந்து வருஷம் முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்திருக்க வேண்டும் என்கிறது அரசியல் சட்டம். வார்டு 227-ஆ 236-ஆ என்பதிலும், பிற்படுத்தப்பட்டோர் இட ஒதுக்கீட்டிலும் வழக்குச் சிக்கி, உச்ச நீதிமன்றம் கெடு வைத்து, கடைசியில் 2026 ஜனவரி 15 அன்று 227 வார்டுகளுக்கும் வாக்குப்பதிவு நடந்தது. இடையில் ஆணையரே நிர்வாகி. பிப்ரவரியில் கூடுதல் ஆணையர் பட்ஜெட்டை நீட்டுவார், ஆணையர் வாங்கிக்கொள்வார், நிர்வாகி என்ற முறையில் அவரே ஒப்புதலும் கொடுப்பார். பரீட்சை எழுதியவரே பேப்பரைத் திருத்துகிற மாதிரி.

வங்கியில் இருந்தவருக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். கடன் கொடுத்த மேனேஜரே அந்தக் கிளைக்கு இன்ஸ்பெக்‌ஷனும் வந்தால் ஹெட் ஆபீஸ் ஒப்புக்கொள்ளுமா?

சட்டப்படி என்ன ஏற்பாடு என்றால், 1888-ஆம் வருஷத்து மும்பை மாநகராட்சிச் சட்டத்தில் பணத்தின் சாவி கார்ப்பரேட்டர்களின் ஸ்டாண்டிங் கமிட்டியிடம் (நிலைக்குழு) இருக்கிறது. ஒரு வரம்புக்கு மேல் போகும் எந்த ஒப்பந்தமும் அங்கே வந்தாக வேண்டும். மாநகராட்சியின் தலைமைத் தணிக்கையாளர் தன் அறிக்கையைக் கொடுப்பதும் அந்தக் கமிட்டிக்குத்தான். சுகாதாரத்துக்குத் தனியாக ஒரு கமிட்டி. வார்டு அளவில் பிரபாக் சமிதி என்ற வார்டு கமிட்டி. 2022-இல் எல்லாம் ஒரே நாளில் காலி.

காலியானதும் எங்களுக்கு என்ன மாறியது என்று கேட்டால், போன் வருவது நின்றது. சபை இருந்த காலத்தில் யாராவது ஒரு கார்ப்பரேட்டர் எழுந்து 'ஹர்கதீசா முத்தா' என்பார். அது ஒழுங்குப் பிரச்சினை. எந்த அலுவலையும் நிறுத்திவிட்டுப் பேசலாம். 'எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் நாய்க்கடி ஊசி இல்லை' என்பார். அன்றைக்கு மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதற்குள் ஸ்டோருக்குப் போன் வந்துவிடும்: இருப்பு எவ்வளவு, இன்டென்ட் எப்போது போனது, இப்போதே எழுதி அனுப்பு. எங்களுக்கு அது தலைவலிதான், நான் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த ஊசி மறுநாளோ அதற்கடுத்த நாளோ எங்கிருந்தாவது வந்து சேரும், பக்கத்து ஆஸ்பத்திரியிலிருந்து கடனாகவாவது.

அதற்காக ஸ்டாண்டிங் கமிட்டியை நான் கோயில் என்று சொல்ல வரவில்லை. கத்தையாக வரும் ஒப்பந்தங்களைச் சில நிமிஷத்தில் 'மஞ்சூர்' (ஒப்புதல்) என்று தட்டிவிட்டு எழுந்த நாட்களும் உண்டு. கோவிட் சமயத்தில் டெண்டர் இல்லாமல் வாங்கும் அதிகாரத்தை ஆணையர் கையில் தூக்கிக் கொடுத்ததும் அதே கமிட்டிதான். 2019 நவம்பர் முதல் 2022 அக்டோபர் வரை நடந்த சுமார் 12,000 கோடி ரூபாய் செலவை சி.ஏ.ஜி., அதாவது இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், தணிக்கை செய்து, 2023 மார்ச்சில் அறிக்கை சட்டசபைக்கு வந்தது. குறைகள் நிறையச் சொன்னார்கள். அந்தக் காலத்தில் பெரும்பகுதி சபை இருந்த காலம்தான் சார். கோவிட் செலவுக் கணக்கை மட்டும் மாநகராட்சி காட்டவே இல்லை, தொற்றுநோய்ச் சட்டம் இருக்கிறது என்று சொல்லிவிட்டது. கார்ப்பரேட்டர்கள் வந்துவிட்டதாலேயே கேள்வி வந்துவிடும் என்று இல்லை. கேட்பதற்கு ஓர் இடம் வந்திருக்கிறது, அவ்வளவுதான். பிரஜா அறக்கட்டளை என்ற தன்னார்வ அமைப்பு, யார் எத்தனை கேள்வி கேட்டார், எதைப் பற்றிக் கேட்டார் என்று எண்ணி அறிக்கை வெளியிடுகிறது. உங்கள் வார்டுக்காரர் சுகாதாரத்தைப் பற்றி வாயைத் திறக்கிறாரா என்று அதில் பாருங்கள்.

ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தேதி தள்ளிக்கொண்டே போகிறது. மாமியாருக்கு விதவைப் பணம் மூன்று மாதமாக வரவில்லை. அங்கன்வாடியில் முட்டை கொடுப்பதில்லை. எல்லாவற்றையும் எழுதி கார்ப்பரேட்டரிடம் கொடுத்தேன் அக்கா. ஒன்றுக்கும் பதில் இல்லை.
— சயான் கோலிவாடா

அம்மா, மூன்றுமே அவர் கையில் இல்லை. அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம், சொல்ல மாட்டார்கள்.

கே.இ.எம்., சயான், நாயர், கூப்பர், அப்புறம் ராஜாவாடி, பாந்த்ரா பாபா போன்ற புறநகர் ஆஸ்பத்திரிகள், பிரசவ விடுதிகள், டிஸ்பென்சரிகள், 'ஆப்லா தவாகானா' என்ற சிறு கிளினிக்குகள் இவை மாநகராட்சி. ஜே.ஜே., ஜி.டி., செயின்ட் ஜார்ஜ், காமா மாநில அரசு. அதற்கு உங்கள் எம்.எல்.ஏ.வைப் பிடியுங்கள். மாமியாரின் பணம் சஞ்சய் காந்தி நிராதார் திட்டமாக இருக்கும், மாதம் 1,500 ரூபாய். அதுவும் மாநில அரசு, தாசில்தார் ஆபீஸ். ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கு எது என்று முதலில் வங்கியில் கேளுங்கள். பணம் வேறு பழைய கணக்குக்குப் போய்க்கொண்டிருக்கும். இது அடிக்கடி நடக்கிறது. அங்கன்வாடி மாநிலத்தின் மகளிர், குழந்தைகள் துறை. மூன்றுக்கும் மூன்று தனி மனு போடுங்கள். ஒரே தாளில் எழுதினால் ஒவ்வொருவரும் மற்றவருடையது என்று தள்ளிவிடுவார்கள்.

என் மகள் இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கிறாள். அங்கே வயதானவர்களுக்கு வீட்டுக்கே வந்து குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்துவிட்டுப் போகிற ஏற்பாட்டை நகர கவுன்சிலே செய்கிறதாம். ஆஸ்பத்திரி அதிகாரிகளை கவுன்சிலர்கள் கூப்பிட்டுக் கேள்வி கேட்கும் கமிட்டிகூட இருக்கிறதாம். நம் ஊரில் ஏன் அப்படி இல்லை? நானும் கணவரும் தனியாகத்தான் இருக்கிறோம்.
— முலுண்ட்

உங்கள் மகள் சொன்னது சரி. ஆனால் அங்கேயும் எல்லாம் பாலும் தேனுமாக ஓடவில்லை.

இங்கிலாந்தில் ஆஸ்பத்திரி கவுன்சிலுடையது இல்லை, தேசிய சுகாதாரச் சேவையுடையது. 2001-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று, தங்கள் பகுதிச் சுகாதாரச் சேவையைக் கூப்பிட்டு விசாரிக்கும் அதிகாரத்தை உள்ளூர் கவுன்சிலர்களுக்குக் கொடுத்தது. ஒரு பிரசவ வார்டை மூடப் போகிறார்கள் என்றால் அந்தக் கமிட்டியிடம் கலந்து பேசியாக வேண்டும். சம்மதம் இல்லாவிட்டால் கமிட்டி விஷயத்தை அமைச்சருக்கு அனுப்பலாம் என்று இருந்தது. அந்த அதிகாரத்தை 2024 ஜனவரியோடு எடுத்துவிட்டார்கள். இப்போது யார் வேண்டுமானாலும் அமைச்சரைத் தலையிடச் சொல்லிக் கேட்கலாம், தலையிடுவது அவர் இஷ்டம். 2013 ஏப்ரலில் பொது சுகாதாரப் பணிகள் கவுன்சில் கைக்கு வந்தன.

வீட்டுக்கு வரும் பராமரிப்பு கவுன்சிலின் பொறுப்பு, 2014-ஆம் வருஷத்துப் பராமரிப்புச் சட்டப்படி. ஆனால் எல்லாருக்கும் இலவசம் இல்லை. கையிருப்பு 23,250 பவுண்டுக்கு மேல் இருந்தால் முழுச் செலவையும் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்கே பல கவுன்சில்களின் பணத்தில் பெரும்பங்கு போய்விடுகிறது. கவுன்சில் பட்ஜெட்டில் துண்டு விழக் கூடாது என்பது அங்கே சட்டம். 2023 செப்டம்பரில் பர்மிங்காம், வரவுக்குள் செலவை அடக்க முடியவில்லை என்று அறிவித்தது. அதன் பிறகு முதியோர் சேவையிலும் வெட்டு விழுந்தது. வேறு காரணங்களும் இருந்தன, பெண் ஊழியர்களின் சமச் சம்பள பாக்கி உட்பட.

இப்போது நம் ஊரைப் பாருங்கள், நேர் தலைகீழ். இங்கே ஆஸ்பத்திரியே மாநகராட்சியின் சொத்து. மருத்துவக் கல்லூரி வரை வைத்திருக்கிறது. இந்த அளவுக்கு உலகத்தில் எத்தனை நகர சபைகள் வைத்திருக்கும் என்று நான் யோசித்ததுண்டு. ஆனால் ஆஸ்பத்திரிக் கதவைத் தாண்டி வீட்டுக்கு வந்துவிட்ட முதியவரை யார் பார்ப்பது என்பதற்கு பட்ஜெட் புத்தகத்தில் பெரிதாக ஒரு தலைப்பும் இல்லை. அரசியல் சட்டத்தின் 12-ஆம் அட்டவணை, நகர சபைகளுக்குக் கொடுக்கலாம் என்று 18 வேலைகளைப் பட்டியல் போடுகிறது. பொது சுகாதாரம் இருக்கிறது, மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்ட நலிந்த பிரிவினரின் நலனும் இருக்கிறது. கொடுப்பது மாநிலத்தின் விருப்பம். மாநிலம் பென்ஷன் பணத்தைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டது. வீட்டுப் பராமரிப்பு யார் தட்டிலும் விழவில்லை. நம் வீடுகளில் மருமகள்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று எழுதாமல் விட்ட சட்டம் அது.

உங்கள் இருவருக்கும் உடனடியாக: எழுபது வயது ஆகியிருந்தால், வருமானம் எவ்வளவு இருந்தாலும் 5 லட்சம் ரூபாய் வரை ஆயுஷ்மான் அட்டை உண்டு, 2024 அக்டோபரில் தொடங்கியது. இன்னும் எடுக்கவில்லை என்றால் இந்த வாரமே எடுங்கள். முதியோர் உதவிக்கு 14567 என்ற எண். அரசு ஆஸ்பத்திரிகளில் மூத்த குடிமக்களுக்குத் தனி வரிசை இருக்க வேண்டும் என்று 2007-ஆம் வருஷத்துப் பெற்றோர், மூத்த குடிமக்கள் சட்டத்தின் 20-ஆம் பிரிவு சொல்கிறது. வரிசை இல்லை என்றால் அந்தப் பிரிவின் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். சிரித்துக்கொண்டே கேளுங்கள், ஆனால் எண்ணைச் சொல்லுங்கள்.

தம்பிக்குப் பிறவியிலிருந்தே நடக்க முடியாது, 85 சதவீதம். மாநகராட்சியில் மாதம் 3,000 தருகிறார்கள் என்று ஒருவர் சொன்னார், ஏஜென்ட் 2,000 கேட்கிறார். உண்மையா?
— ஆன்டாப் ஹில்

பணம் உண்மை, ஏஜென்ட் தேவை இல்லை. தர்மவீர் ஆனந்த் திகே பெயரில் 2024-இல் மாநகராட்சி தொடங்கிய திட்டம் அது. 40 முதல் 80 சதவீதம் வரை குறைபாடு உள்ளவர்களுக்கு மாதம் 1,000, அதற்கு மேல் 3,000. ஆறு மாதத்துக்கு ஒரு முறை சேர்த்து 18,000 ஆக வங்கியில் விழும். மத்திய அரசின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, யு.டி.ஐ.டி. என்கிறார்களே, அது கட்டாயம். பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும், மும்பையில் குடியிருப்பதற்குச் சான்று வேண்டும். மாநிலத்தின் நிராதார் தொகை வேறு. 2025-இல் அதை மாற்றுத்திறனாளிகளுக்கு 2,500 ஆக உயர்த்தினார்கள். இரண்டையும் விசாரியுங்கள்.

தம்பியின் மனுவைப் போட்டுவிட்டு, உங்கள் வார்டில் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்குப் பணம் போனது என்று கார்ப்பரேட்டரைப் பிரபாக் சமிதியில் கேட்கச் சொல்லுங்கள். இந்த மாதிரித் திட்டத்தில் பணம் ஒதுக்குவது சுலபம். விண்ணப்பம் வராததால் பாதி அப்படியே திரும்பும், யாரும் வருத்தப்பட மாட்டார்கள்.

எங்கள் பகுதியில் புது ஆரோக்கிய மையம் கட்டி ரிப்பன் வெட்டினார்கள். டைல்ஸ் பளபளக்கிறது, லிஃப்ட் இருக்கிறது. டாக்டர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருகிறார். எக்ஸ்ரே மெஷினுக்கு உறைகூடப் பிரிக்கவில்லை.
— சீட்டா கேம்ப்

கட்டடம் மூலதனச் செலவு, நர்ஸ் வருவாய்ச் செலவு. கட்டடத்துக்கு ஒரு தடவை பணம் கொடுத்தால் போதும், கல்வெட்டில் பெயர் வரும், கான்ட்ராக்டருக்கும் சந்தோஷம். நர்ஸுக்கு முப்பது வருஷம் சம்பளம், பிறகு பென்ஷன். 2025-26 மொத்த பட்ஜெட்டில் பாதிக்கு மேல் மூலதனச் செலவுதான் என்பதை வைத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் காற்று வீசுகிறது என்று புரியும்.

நீங்கள் கேட்க வேண்டியது டாக்டர் எங்கே என்று அல்ல. இந்த மையத்துக்கு அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, நிரப்பியது எத்தனை, அதில் நிரந்தரம் எத்தனை, ஒப்பந்தம் எத்தனை? பணியிடமே அனுமதிக்காமல் கட்டடம் கட்டியிருப்பார்கள். அப்படியானால் டாக்டரைத் திட்டுவது வீண். எக்ஸ்ரேவுக்கு டெக்னீஷியன் பணியிடம் உண்டா என்பதைத் தனியாகக் கேளுங்கள், மெஷினின் வாரன்ட்டி என்றைக்கு முடிகிறது என்பதையும். இதைக் கேட்டால் சிலருக்கு வேர்க்கும். 'ஆள் இல்லை, தனியாரிடம் கொடுத்துவிடுகிறோம்' என்று பதில் வந்தால் அவசரப்பட்டுக் கை தட்டாதீர்கள். எந்தப் பரிசோதனைக்கு எவ்வளவு கட்டணம், எத்தனை படுக்கை மாநகராட்சி விலைக்கு என்று ஒப்பந்தத்தின் நகலை வாங்கிப் படித்துவிட்டுத் தட்டலாம்.

தனியார் நர்ஸிங் ஹோம் ஒன்றில் கட்டணப் பலகையே இல்லை. இதில் மாநகராட்சிக்கு அதிகாரம் உண்டா?
— காந்திவலி

உண்டு. மும்பையில் நர்ஸிங் ஹோம்களைப் பதிவு செய்வது மாநகராட்சிதான், 1949-ஆம் வருஷத்துச் சட்டப்படி. 2021-இல் திருத்திய விதிகளின்படி கட்டண விவரத்தையும் நோயாளி உரிமைப் பட்டியலையும் பார்க்கும்படி மாட்டியாக வேண்டும். உங்கள் வார்டு ஆபீஸில் மருத்துவ சுகாதார அதிகாரி இருப்பார், எம்.ஓ.ஹெச். என்றால் எல்லாருக்கும் தெரியும். பலகை இல்லாத சுவரைப் போட்டோ எடுத்து அவருக்குக் கொடுங்கள்.

எனக்கு மராத்தி பேச வரும், எழுத வராது. மனுவைத் தமிழில் கொடுக்கலாமா?
— மாட்டுங்கா

கொடுத்தால் வாங்கி வைப்பார்கள், படிக்க ஆள் இருக்காது. தகவல் உரிமை மனுவை ஆங்கிலம், இந்தி, மராத்தி மூன்றில் எதிலும் போடலாம். எழுத முடியாதவர் சொல்வதை எழுதிக்கொள்வது அந்த அதிகாரியின் கடமை. ஆனால் வார்டு ஆபீஸ் கடிதத்துக்கு என் யோசனை மராத்திதான். நம் பிள்ளைகள் பள்ளியில் படித்த மராத்தி எதற்கு இருக்கிறது? பத்தாவது படிக்கும் பேத்தியை உட்கார வைத்து எழுதச் சொல்லுங்கள்.

எங்கள் மகிளா மண்டலில் (பெண்கள் குழு) இருபது பேர் இருக்கிறோம். எங்கள் டிஸ்பென்சரிக்கு மாலை நேர டாக்டர் வேண்டும் என்று கேட்கப் போகிறோம். பிப்ரவரியில் பட்ஜெட் வரும்போது மோர்ச்சா, ஊர்வலமாகப் போகலாமா அக்கா?
— தாராவி, கும்பார்வாடா பக்கம்

பிப்ரவரியில் போனால் போட்டோ வரும், டாக்டர் வர மாட்டார். வழக்கமாகப் பிப்ரவரி முதல் வாரத்தில் பட்ஜெட் தாக்கலாகிறது. அப்போது புத்தகம் அச்சாகி முடிந்திருக்கும். துறைகள் தங்கள் தேவையை எழுதி மேலே அனுப்புவது அக்டோபர் முதல் டிசம்பருக்குள். கணக்குப் பிரிவில் எங்கள் மேசையில் ஃபைல் குவியும் மாதங்கள் அவை. உங்கள் காகிதம் அந்தக் குவியலுக்குள் இருக்க வேண்டும்.

ஆகவே செப்டம்பரிலேயே தொடங்குங்கள். டிஸ்பென்சரிக்கு மாலையில் வந்து திரும்பிப் போகிறவர்களை இரண்டு வாரம் வாசலில் நின்று எண்ணுங்கள். பெயர் வேண்டாம், தேதியும் எண்ணிக்கையும் போதும். அதை வைத்து உங்கள் ஜி வடக்கு வார்டின் எம்.ஓ.ஹெச்.சுக்கு ஒரு பக்கக் கடிதம். நகல் உங்கள் கார்ப்பரேட்டருக்கும், பரேலில் இருக்கும் செயல் சுகாதார அதிகாரிக்கும். டிஸ்பென்சரிகள் அவருக்குக் கீழேதான் வருகின்றன. பிரபாக் சமிதியில் தன்னார்வ அமைப்புகளின் ஆட்களை உறுப்பினராக நியமிக்கச் சட்டத்தில் இடம் உண்டு, ஓட்டு இல்லை, பேசலாம். உங்கள் சமிதியில் அந்த இடம் நிரம்பியிருக்கிறதா என்றும் விசாரித்துவிடுங்கள். ஜனவரியில் மாநகராட்சி பொதுமக்களிடம் யோசனை கேட்கும். அப்போது அதே கடிதத்தை மறுபடி அனுப்புங்கள், புதிதாக எழுத வேண்டாம்.

பிப்ரவரியில் புத்தகம் வந்ததும் மாநகராட்சி இணையதளத்தில் இறக்கி, சுகாதாரப் பக்கத்துக்குப் போங்கள். ஒவ்வொரு வரியிலும் அடுத்தடுத்து எண்கள்: முன்பு உண்மையில் செலவானது, இந்த வருஷம் ஒதுக்கியது, திருத்திய மதிப்பீடு, அடுத்த வருஷத்துக்குக் கேட்பது. எல்லாரும் கடைசி எண்ணைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுவார்கள். நீங்கள் ஒதுக்கியதையும் திருத்தியதையும் மட்டும் பாருங்கள். டிஸ்பென்சரி வரியில் திருத்திய எண் சின்னதாக இருந்தால், கொடுத்த பணத்தையே செலவு செய்யவில்லை என்று அர்த்தம். அந்தப் பக்கத்தை நகல் எடுத்துக்கொண்டு அப்போது மோர்ச்சா போங்கள், நானும் வருகிறேன்.